சர்ச்சில் அறுபது, கம்பெனியில் ஐம்பத்து மூன்று

ஞானகுமாரிக்கு இரண்டு வயது இருந்தது, ஒன்று சர்ச்சுக்கு, ஒன்று கம்பெனிக்கு. திருமுல்லைவாயிலில் அவள் போகும் சர்ச்சில் வரும் ஞாயிற்றுக்கிழமை அறுபது நிறைகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியில் ஐம்பத்து மூன்று.

நடுவில் அந்த ஏழு வருஷம் எங்கே போயிற்று என்று கேட்டால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் ஆவடியிலிருந்து பஸ் ஏறி அம்பத்தூருக்கு வேலைக்கு வந்தவள் அவள். சுவிட்சு செய்யும் கம்பெனி. கை வேகம் என்று பேர் வாங்கினாள். இருபத்தாறில் பால்ராஜைக் கட்டினாள். மறு வருஷம் வயிறு தெரிய ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "நல்லபடியா பெத்து எழுந்து வாம்மா, பாத்துக்கலாம்" என்றார். பெற்று எழுந்து போனாள். அவளுடைய ஸ்டூலில் வேறொரு பதினெட்டு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் வீடு, பிள்ளை, நாலு வீட்டுச் சமையல். பால்ராஜ் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய வருஷம் அவருக்குச் சர்க்கரை ஏறிக் கண் மங்க, வேனை விட வேண்டியதாயிற்று. ஞானகுமாரி மறுபடி எஸ்டேட் வாசலில் போய் நின்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்தேழு. ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரர் நாற்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை என்றார்.

அதே சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் ஆதாருக்குப் போட்டோ எடுத்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள், போக நினைக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே வரிசை. பிறந்த சான்றிதழ் யாரிடமும் கிடையாது. வாயால் சொன்ன வயதைத்தான் எழுதிக்கொண்டார்கள். வரிசை முழுக்க வயதைக் குறைத்தது. ஞானகுமாரி பயந்து பயந்து ஏழு வருஷம் குறைத்தாள். அவளுக்கு முன்னால் நின்ற நாகம்மா ஆர்வக்கோளாறில் அள்ளிக் குறைத்ததில், கார்டுப்படி மூத்த மகனுக்கும் அவளுக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம். இன்றைக்கும் அதைச் சொன்னால் நாகம்மா தன் தலையில் தானே குட்டிக்கொள்வாள்.

எஸ்டேட்டுக்குக் கல்யாணமாகாத பெண் வேண்டும். பிள்ளை பெற்று வளர்த்து முடித்த பெண்ணும் வேண்டும். இடையில் இருக்கிறவளை மட்டும் அதன் கண்ணில் காட்டக் கூடாது. எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். ஞானகுமாரிக்குக் கோபப்பட நேரம் இருந்ததில்லை.

புது ஆதாரைக் காட்டித்தான் அவள் ரப்பர் கம்பெனியில் சேர்ந்தாள். வண்டி இன்ஜினுக்குப் போகும் ரப்பர் வளையங்களில் பிசிறு நறுக்கி, விரிசல் இருக்கிறதா என்று விளக்குக்கு அடியில் பார்த்து, பெட்டியில் போடுவது அவள் வேலை. அந்த வரிசையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாரும் யாரையும் அம்மா என்றோ ஆன்ட்டி என்றோ கூப்பிடக் கூடாது. பதினெட்டு வயதுக்காரியும் "அக்கா"தான் சொல்ல வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை தலைக்கு டை அடிக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் மேனேஜர் ரவுண்டு வரும்போது அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவள் வேலையில் இருப்பதால் இ.எஸ்.ஐ. கார்டு உயிரோடு இருந்தது. கார்டு இருப்பதால் பால்ராஜுக்கு ஊசியும் மாத்திரையும் கிடைத்தன. இப்போது அவருடைய வலது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. எடுத்துவிட வேண்டும் என்று இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அடுத்த செவ்வாய்க்கு மறு செவ்வாயாகத் தேதி கொடுத்திருந்தார்கள். வேலை போனாலும் கார்டு சில மாதம் ஓடும் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். சர்க்கரைக்காரர் கால் சில மாதத்தில் முடிகிற சமாசாரமா? ஒரு விரலோடு நிற்குமா, பாதத்துக்கு ஏறுமா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. கார்டு போனால் தனியார் ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவர்களால் மிதிக்க முடியாது. அவள் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் காலைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது ஹெச்.ஆர். மேனேஜர் ஸ்ரீராம் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். கலர் கலராகக் கட்டங்கள். இடது ஓரத்தில் உயரமாக ஒரு கூட்டம், வலது ஓரத்தில் உயரமாக ஒரு கூட்டம், நடுவில் தரையோடு தரை.

"இது நம்ம யூனிட்டோட ஏஜ் புரொஃபைல்" என்றார் ஸ்ரீராம். "இருபத்தஞ்சு வரைக்கும் நிறைய பேர் இருக்கீங்க. நாற்பத்தஞ்சுக்கு மேல நிறைய பேர் இருக்கீங்க. நடுவுல ஆளே இல்லை. புதுசா வர்ற கஸ்டமர் இதைத்தான் முதல்ல பார்ப்பாங்க."

"இன்னாக்கா இது, நடுப்பல்லு உழுந்த மாரி கீது" என்று நாகம்மா ஞானகுமாரியின் காதில் சொன்னாள்.

நடுப்பல்லை யார் பிடுங்கியது என்று ஸ்ரீராம் சொல்லவில்லை. வலது ஓரத்தை மட்டும் விரலால் தட்டினார். "யாரும் பயப்பட வேண்டாம். ஐம்பத்தஞ்சு தாண்டினவங்களுக்கு மட்டும் ரெஸ்ட் குடுக்கலாம்னு இருக்கோம். ஆனா கார்டுல இருக்கிற வயசை நான் நம்ப மாட்டேன். ஆஷ்லி, நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசிப் பார்த்து, உண்மையான வயசு எதுன்னு எழுதி அடுத்த வெள்ளிக்குள்ள குடுத்துடுங்க."

ஆஷ்லி அந்த வரிசையின் இன்ஜினியர். கொரட்டூர்ப் பெண், இருபத்தேழு வயது. சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கத்தாமல் வேலை வாங்குவாள். இன்டர்வியூவில் ஸ்ரீராம் கேட்ட முதல் கேள்வி, கல்யாணம் எப்போது என்பதுதானாம். ரெண்டு வருஷத்துக்கு இல்லை என்று சொன்ன பிறகுதான் மற்றதைக் கேட்டாராம். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண் கல்யாணப் பத்திரிகை கொடுத்த மாதமே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க ஆஷ்லி, அண்ணன் கல்யாணம் என்று லீவில் இருந்து, அன்றைக்குத்தான் வந்திருந்தாள். கையில் மருதாணி சிவந்திருந்தது.

ஞானகுமாரி வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக, "ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திரம் வேணாங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு?" என்றார் பால்ராஜ்.

அவர்கள் சபையில் ஸ்தோத்திரம் என்றால் பிறந்தநாள்காரர்கள் முன்னால் போய்க் காணிக்கை வைத்து நிற்பார்கள், ஆயர் ஜெபம் பண்ணுவார். அறுபது, எழுபது என்றால் வயதையும் வாசிப்பார்கள், சபையே கை தட்டும். கால் கறுத்த அன்றைக்கு பால்ராஜ் ஆண்டவரிடம் ஒரு பொருத்தனை செய்திருந்தார். இவளுடைய அறுபதுக்கு நான் எழுந்து நிற்கும் காலோடு இருந்தால் பீடத்து முன்னால் கூடவே வந்து நிற்பேன் என்று.

"கம்பெனியில வயசத் தோண்டிகினு கீறாங்க. வாசிச்சா வம்பு."

"அம்பத்தூர்லேர்ந்து எவன் இங்க வரப்போறான்? நம்ம சபையில ஒன் கம்பெனி ஆளு ஒருத்தன் கீறானா? ஆண்டவர் முன்னால போயி ஏழு வருசம் கொறச்சிச் சொல்லச் சொல்றியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் தப்பு இல்லை. பதிமூன்று வருஷமாக அந்த சர்ச்சில் கம்பெனி முகம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. கடைசியில் அவர் காலைப் பார்த்து இரங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு நேரம் வந்தது. "நம் சகோதரி ஞானகுமாரி பால்ராஜ் தம்முடைய அறுபதாவது வயதை நிறைவு செய்கிறார்" என்று ஆயர் மைக்கில் வாசித்தார். கை தட்டினார்கள். பால்ராஜ் கோலை ஊன்றி, செருப்புக்குள் நுழையாத கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு கூட வந்தார். இருவரும் பீடத்தின் முன்னால் நின்றார்கள்.

"கடந்த புதன்கிழமை கொரட்டூரில் திருமணம் முடித்து நம் சபைக்கு வந்திருக்கும் மேக்ஸ்வெல், ஆஷ்லி தம்பதியரும் முன்னால் வரவும்."

அவள் திரும்பவில்லை. பக்கத்தில் பட்டுப்புடவையின் சரசரப்புதான் முதலில் கேட்டது. மருதாணிக் கை தெரிந்தது. அப்புறம்தான் முகம். ஆஷ்லியின் கழுத்தில் புதுத் தாலி மின்னியது. அவளும் ஞானகுமாரியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் உதட்டுச்சாயத்துக்கு அடியில் ரத்தம் சுண்டியதை ஞானகுமாரி கண்ணால் கண்டாள். தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மூன்று பேர் முழங்காலில் நின்றார்கள். மண்டியிட முடியாத பால்ராஜ் குனிந்து நின்றார். "இவர்கள் இருதயத்தின் மறைவான விண்ணப்பங்களை நீர் அறிவீர்" என்று ஆயர் ஜெபித்தார். அன்றைக்கு அந்த இரண்டு பெண்களின் இருதயத்திலும் இருந்தது ஒரே விண்ணப்பம்தான்.

வெளியே டீயும் பன்னும் கொடுத்தார்கள். மேக்ஸ்வெல் நல்ல பையன், சிரித்த முகம். பெண்டாட்டியை நேராக இவர்களிடம் கூட்டிக்கொண்டு வந்தான்.

"ஆன்ட்டி, ஹேப்பி பர்த்டே! இவங்களும் அம்பத்தூர் எஸ்டேட்டுதான்."

"அப்பிடியா! எந்தக் கம்பெனிமா?" என்றார் பால்ராஜ்.

ஆஷ்லி டீயை விழுங்கினாள். "சவுத் ஃபேஸ் அங்கிள்" என்றாள். ரப்பர் கம்பெனி இருப்பது எஸ்டேட்டின் வடக்குப் பகுதியான நார்த் ஃபேஸில்.

மேக்ஸ்வெல் ஏதோ சொல்ல வாயெடுத்து, பெண்டாட்டியின் கை அழுத்தியதில் நிறுத்திக்கொண்டான். ஞானகுமாரி, முன்பின் பார்த்திராத பெண்ணிடம் பேசுகிற மாதிரி, "நல்லா இரும்மா" என்றாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள் ஆஷ்லி. அவள் கண்கள் பால்ராஜின் கட்டுப் போட்ட காலில் போய் நின்று திரும்பின.

திங்கட்கிழமை ஆஷ்லி வழக்கம்போல வந்தாள். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தாள். வெயிலுக்கு எல்லோரும் கழுத்தைத் தளர்த்திக்கொண்டிருக்கும் காலம் அது. தாலி உள்ளே இருந்தது என்று ஞானகுமாரி ஒருத்திக்குத்தான் தெரியும். கையில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் போய் வயது கேட்டாள். நாகம்மாவிடம் அவள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். ஞானகுமாரியின் மேஜை வந்ததும் தாண்டிப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமையும் தாண்டிப் போனாள்.

கேட்டுவிட்டால்கூடத் தேவலை போலிருந்தது ஞானகுமாரிக்கு. எதற்காகத் தள்ளிப் போடுகிறாள்? என் வாயைக் கட்டிப் போடத்தானா? இல்லை, முந்திக்கொண்டு மேனேஜரிடம் சொல்லிவிட்டாளா? இளம் ரத்தம், படித்தவள், எதையும் பேசிச் சமாளிப்பாள். நமக்கு என்ன இருக்கிறது? இதையே நினைத்துக்கொண்டிருந்ததில் விரிசல் விட்ட வளையம் ஒன்று அவள் கையைத் தாண்டி நல்ல பெட்டிக்குள் விழுந்தது. ஆஷ்லி அதை எடுத்துப் பார்த்து, கழிவுப் பெட்டியில் போட்டாள். சத்தம் போட்டிருந்தால் ஞானகுமாரிக்குப் பயம் குறைந்திருக்கும்.

புதன்கிழமை ஆஷ்லி அவசரமாக ஒரு டப்பாவைக் கேட்டாள். "அந்த சின்ன சைஸ் எடுங்க ஆன்ட்டி."

சொன்ன மாத்திரத்தில் இருவரும் உறைந்துபோனார்கள். வரிசை முழுக்கத் தலை தூக்கிப் பார்த்தது.

"இன்னாது, ஆன்ட்டியா?" என்றாள் நாகம்மா. "இன்னாக்கா, மேடம் ஒன்ன ஆன்ட்டின்றாங்கோ?"

"வாய் தவறிடுச்சு" என்று ஆஷ்லி நகர்ந்துவிட்டாள். ஆனால் இடைவேளைக்குள் அந்த வார்த்தை இரண்டு வரிசை தாண்டிப் போய்விட்டது. அன்று மாலை பாத்ரூம் கண்ணாடியில் ஞானகுமாரி காதோரத்தை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தாள். டை நன்றாகத்தான் பிடித்திருந்தது.

வீட்டில் பால்ராஜ் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக லுங்கியும் துண்டும் மடித்து வைத்திருந்தார். "இந்த வெரலு போனா ரெண்டு மாசத்துல நடந்துருவேன்மே. அப்புறம் நீ வேலைக்கிப் போவாத. நான் எதனா வாட்ச்மேன் வேலைக்கிப் போறேன்" என்றார். அறுபத்து மூன்று வயது, மங்கிய கண், ஒரு விரல் போன கால், இதை வைத்துக்கொண்டு வாட்ச்மேன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரிடம் ஆஷ்லியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஸ்தோத்திரத்துக்கு இழுத்துப் போனது நான்தானே என்று மனிதர் உடைந்துபோவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்ரீராம் கூப்பிட்டனுப்பினார்.

ஏ.சி. அறை. "உட்காருங்க" என்றார். பதிமூன்று வருஷத்தில் அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"எல்லார் வயசும் வந்துடுச்சு. உங்க பேருக்கு நேரா மட்டும் ஆஷ்லி காலியா விட்டிருக்காங்க. ஏன்?"

"தெரியல சார்."

"ஏதாவது பிரச்சினையா உங்களுக்குள்ள?"

"இல்ல சார்."

காலியாக விட்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் அறுபது என்று எழுதப் போகிறாள். ஞானகுமாரிக்கு அது சுவரில் ஒட்டிய தாள் மாதிரி தெளிவாகத் தெரிந்தது. அறுபது, வெளியே போ. கார்டு இல்லை. காலில் புண்.

ஸ்ரீராம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "சரி, அதை விடுங்க. வேற ஒண்ணு கேட்கணும். ஆஷ்லி அண்ணன் கல்யாணம்னு லீவு போட்டாங்க. கையில மருதாணியைப் பார்த்தா எனக்கு அப்படித் தெரியலை. நீங்களும் கிறிஸ்டியன், பக்கத்து ஏரியா. உங்க ஆளுங்களுக்குள்ள ஒரு கல்யாணம்னா தெரியாம இருக்காது. அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அவள் மேஜை மேல் இருந்த லிஸ்டைப் பார்த்தாள்.

"கம்பெனிக்கு உண்மையா இருக்கிறவங்களை நாங்க விட மாட்டோம். அந்தக் காலி இடத்தை நானே நிரப்பிக்கிறேன். உங்க வயசு என்ன, ஐம்பத்து மூணுதானே?"

தெரியாது என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். இருபத்தேழு வயதில் வயிற்றோடு சூப்பர்வைசர் முன்னால் நின்றவள் அவள். ஆஷ்லிக்கு என்ன நடக்கும் என்று இந்த எஸ்டேட்டில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனால் அப்போது அவள் கண்ணுக்குள் நின்றது கறுத்துப்போன ஒரு கட்டைவிரல்தான். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

"ஆயிடுச்சி சார்" என்றாள். "போன வாரம். புதன்கெழம."

"ஐம்பத்து மூணுதானே உங்களுக்கு?"

"ஆமா சார்."

"ரொம்ப தேங்க்ஸ். நீங்க போங்க."

தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். ஒரு பிசிறுகூட நறுக்காமல் மறுபடி வைத்துவிட்டாள். ஷிஃப்ட் முடியும் மணி அடிக்கப் போகும் நேரம் ஆஷ்லி அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள், வளையம் பார்க்கிற மாதிரி.

"அக்கா, இப்பதான் எழுதிக் குடுத்துட்டு வரேன். ஐம்பத்து மூணுன்னு" என்று மெல்லச் சொன்னாள். "எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லக்கா, நாலு நாளா கை வரல. அதான் உங்க பக்கமே வராம சுத்திட்டு இருந்தேன். சர்ச்சுல அங்கிள் காலைப் பார்த்தேன். நீங்க கவலைப்படாதீங்க."

ஆஷ்லி ஞானகுமாரியின் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனாள். மணி அடித்தது.

ஓடிப் போய் ஸ்ரீராமிடம், நான் சொன்னது பொய், ஆள் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். அறை வாசல் வரை போனாள். உள்ளே அவர் போனில் இருந்தார். அவள் நின்றாள். போன் முடிந்தது. கதவுக் கண்ணாடி வழியாக அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிநேகமாகத் தலையை ஆட்டினார். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

சனிக்கிழமை ஆஷ்லியின் நாற்காலி காலியாக இருந்தது. சேதி கொண்டுவந்தவள் நாகம்மாதான்.

"அந்தப் பொண்ண அனுப்பிட்டாங்கோ. கல்யாணத்த மறச்சிட்ச்சாம். கேட்டுலயே கார்ட வாங்கிகினு தொரத்திட்டாங்கோ, உள்ளகூட உடல. எவளோ போட்டுக் குட்த்துகீறாக்கா. அவ நாக்கு அழுவிப் போவ. எனக்குக் கம்மியா எழுதிக் குட்த்த பொண்ணுக்கா அது. ஒன் புள்ளைக்கி வயசு இன்னான்னு கேட்டுட்டு, சிரிச்சிகினே கார்டுல இருக்கறதயே எழுதிகினு போச்சி."

ஆஷ்லி யாரையும் மாட்டிவிடவில்லை. வலது ஓரத்து ஆட்கள் எல்லோருக்கும் கார்டு வயதே எழுதியிருந்தாள். ஞானகுமாரி விஷயத்தில் மட்டும்தான் அவளுக்கு உண்மை தெரிந்திருந்தது, அதனால்தான் அந்த ஒரு இடத்தில் கை நின்றிருக்கிறது. ஞானகுமாரி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வந்து மறுபடி பிசிறு நறுக்கினாள். சுவரில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. நடுவில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு கட்டத்தில் ஒன்று ஆஷ்லியுடையது.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. பால்ராஜால் தனியே உட்கார முடியாது என்று ஆயரிடம் சொல்லிப் பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சிலேயே இருவரும் உட்கார்வார்கள். அவர் சுவரோரம், அவள் பக்கத்தில். ஆராதனை தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து ஆஷ்லி வந்தாள். முன்னால் போகக் கூச்சப்பட்டு அதே பெஞ்சில், ஞானகுமாரிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. தாலியை வெளியே போட்டிருந்தாள்.

பாட்டுக்கு எழுந்தபோது குனிந்து சொன்னாள். "வேலை போயிடுச்சுக்கா."

ஞானகுமாரி பாட்டுப் புத்தகத்தையே பார்த்தாள்.

"யாரோ மருதாணியைப் பார்த்துச் சொல்லிட்டாங்க போல. பரவாயில்ல. உங்க பேருக்கு ஒண்ணும் ஆகாது. லிஸ்டு முன்னாடியே போயிடுச்சு."

பாட்டு முடிந்தது. பாவ அறிக்கை ஜெபம் சொன்னார்கள். ஞானகுமாரியின் உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஆயர் பீடத்திலிருந்து இறங்கி முன்வரிசைக்காரரின் கைகளைத் தன் இரு கைகளுக்குள் வாங்கி, "தேவ சமாதானம்" என்றார். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுத்தார். அந்தச் சபையில் அப்படித்தான், பீடத்திலிருந்து கை மாறிக் கை மாறிக் கடைசி பெஞ்சு வரை வரும். வாங்கியவர் கட்டாயம் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். தன்னிடம் நிறுத்திக்கொள்ளக் கூடாது.

வரிசை வரிசையாக அது பின்னால் வந்துகொண்டிருந்தது. ஞானகுமாரி ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தாள். பால்ராஜின் கால் வழியை அடைத்திருந்தது, இந்தப் பக்கம் ஆஷ்லி. முன் பெஞ்சுக்காரி திரும்பி ஆஷ்லியின் கைகளைப் பிடித்தாள். ஆஷ்லி வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள். மருதாணி மங்க ஆரம்பித்திருந்த இரண்டு கைகள் ஞானகுமாரியின் கைகளை மூடின.

"தேவ சமாதானம் அக்கா."

"நான்தாம்மா சொன்னேன்" என்றாள் ஞானகுமாரி, ஆஷ்லிக்கு மட்டும் கேட்கும்படி.

ஆஷ்லிக்குப் புரியவில்லை. இன்னும் கைகளைப் பிடித்தபடியே பார்த்தாள்.

"ஸ்ரீராம் சார்கிட்ட. வெள்ளிக்கெழம மத்தியானம். நீ அறுபதுன்னு எழுதிக் குடுக்கப்போறன்னு நெனச்சி, நான்தான் சொல்லிட்டேன்."

ஆஷ்லியின் பிடி ஒரு கணம் இறுகியது. பிறகு விரல் விரலாகத் தளர்ந்தது. கைகளை எடுத்துக்கொண்டாள். நேராகத் திரும்பிப் பீடத்தைப் பார்த்து நின்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை. தாலிச் சங்கிலியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மற்ற பெஞ்சுகளில் எல்லோரும் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஆயர் அடுத்த ஜெபத்துக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஞானகுமாரியின் கைகள் வெறுமனே அந்தரத்தில் இருந்தன.

"இன்னாமே, எனக்குக் குடு" என்று மெதுவாகச் சொன்னார் பால்ராஜ். மங்கின கண்ணுக்கு நடந்தது எதுவும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காலைப் பெஞ்சில் சாய்த்து, சமாதானத்துக்காக இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டியபடி காத்துக்கொண்டிருந்தார்.